மனத்தின் லயமும் நமது கடமையும்

2001-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 6-ந் தேதி விடியற்காலையில், இராமநாதபுரம் ஜில்லா ஏர்வாடியில் மனநோயாளிகளை வைத்திருந்த ஒரு தனியார் விடுதியின் கீற்றுக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தவர்களால் எழுந்து ஓட முடியவில்லை. அவர்களைச் சங்கிலியால் பிணைத்திருந்தார்கள். 28 பேர் மாண்டார்கள். அவர்கள் செய்த குற்றம் யாது? திருடினார்களா? கொள்ளையடித்தார்களா? அவர்களுக்கு நோய் கண்டிருந்தது, அவ்வளவே. க்ஷயரோகம் கண்டவனை நாம் கட்டிப் போடுவதில்லை. நெஞ்சுவலி கண்டவனை வாசலுக்கு வெளியே கிடத்துவதில்லை. மூளை என்னும் அவயவத்தில் கோளாறு கண்டவனை மட்டும் தூணோடு கட்டுகிறோம். அல்லது உள்ளறையில் பூட்டி வைத்து, அப்படி ஒருவர் வீட்டில் இருப்பதையே ஊராருக்கு மறைக்கிறோம். இந்தப் பேதத்துக்குக் காரணம் அறியாமை என்று பொதுப்படச் சொல்லிவிட்டால் போதாது. எந்த விஷயத்தில் அறியாமை, அதை நீக்கக்கூடிய அறிவு எவ்வளவு தூரம் வளர்ந்திருக்கிறது என்று ஆராய வேண்டும்.

மனநோயைப் பற்றி நம்மவர்களிடையே இரண்டு எண்ணங்கள் உலவி வருகின்றன. ஒன்று பழையது. பேய் பிடித்தது, செய்வினை, முன்ஜன்ம பாபம் என்பது அது. மற்றொன்று புதியது, பட்டணங்களில் படித்தவர்களிடையே பரவியிருப்பது. மூளையில் ஸெரோடோனின் என்று ஒரு ரஸம் இருக்கிறது; அது குறைந்தால் துக்கம், நிறைந்தால் சந்தோஷம்; குறைந்ததை மாத்திரையால் நிரப்பிவிட்டால் காரியம் முடிந்தது என்பது இது. முதல் எண்ணம் கொடிய தவறு. அதன் பலனை ஏர்வாடியில் கண்டோம். இரண்டாவது பாதி உண்மை. ஆகவே அதிக ஜாக்கிரதையோடு பரிசீலிக்கத் தக்கது. பழைய எண்ணம் நோயாளியைச் சங்கிலியிடம் ஒப்படைக்கிறது. புதிய எண்ணம் அவனை மாத்திரையிடம் ஒப்படைத்துவிட்டுத் திரும்பிப் பாராமல் போகிறது. இரண்டிலும் மனிதன் தனியே விடப்படுகிறான் என்பதே நமது கவலை.

ஸெரோடோனின் கண்டுபிடிக்கப்பட்ட கதை சுவையானது. 1930-களில் எர்ஸ்பாமர் என்ற இத்தாலிய விஞ்ஞானி, பிராணிகளின் குடலில் தசைகளைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருள் இருப்பதைக் கண்டார். 1948-ல் அமெரிக்காவில் கிளீவ்லாந்து நகரில் ராப்போர்ட், கிரீன், பேஜ் என்ற மூவர், இரத்தக் குழாய்களைச் சுருங்கச் செய்யும் ஒரு பொருளை இரத்தத்தின் தெளிநீரிலிருந்து பிரித்தெடுத்து, அதற்கு ஸெரோடோனின் என்று பெயரிட்டார்கள். இரண்டும் ஒரே பொருள்தான் என்பது பின்னர் விளங்கிற்று. மனத்துக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டென்று அப்போது எவரும் நினைக்கவில்லை. 1953-ல் பெட்டி ட்வாராக் என்ற இளம் பெண் விஞ்ஞானி, பாலூட்டிப் பிராணிகளின் மூளையிலும் இது இருப்பதை நிரூபித்தார். குடலில் பிறந்து, இரத்தத்தில் பெயர் பெற்று, கடைசியாக மூளையில் புகழ் பெற்ற பொருள் இது. இன்றைக்கும் நம் உடலிலுள்ள ஸெரோடோனினில் மிகப் பெரும் பங்கு, நூற்றில் தொண்ணூறுக்குக் குறையாமல், குடலிலேயே இருக்கிறது. மூளையில் இருப்பது மிகச் சொற்பம்.

இக்கதையில் நமது தேசத்துக்கும் ஒரு பங்கு உண்டு. சர்ப்பகந்தா என்ற செடியின் வேரைச் சித்தப் பிரமைக்குக் கொடுக்கும் வழக்கம் இந்நாட்டில் நெடுங்காலமாக இருந்து வந்தது. பீகாரில் அதைப் பைத்தியத்துக்கு மருந்து என்றே அழைத்தார்கள். 1931-ல் கல்கத்தாவில் கணநாத ஸேன், கார்த்திக் சந்திர போஸ் என்ற இரண்டு வைத்தியர்கள், சித்தப் பிரமையையும் இரத்தக் கொதிப்பையும் இவ்வேர் தணிக்கிறது என்று எழுதி வெளியிட்டார்கள். மேல்நாட்டார் அதைப் பொருட்படுத்தவில்லை. 1949-ல் பம்பாய் டாக்டர் ருஸ்தம் ஜால் வக்கீல் இரத்தக் கொதிப்பில் இதன் குணத்தை ஓர் ஆங்கிலேயப் பத்திரிகையில் விளக்கிய பிறகே உலகம் திரும்பிப் பார்த்தது. 1952-ல் ஸ்விட்ஸர்லாந்தில் இவ்வேரிலிருந்து ரிஸர்பின் என்ற சத்தைப் பிரித்தெடுத்தார்கள். 1955-ல் அமெரிக்காவில் பிராடியும் அவருடைய சகாக்களும், ரிஸர்பின் கொடுத்த முயல்களின் மூளையில் ஸெரோடோனின் வெகுவாகக் குறைந்து போவதைக் கண்டார்கள். மூளையிலுள்ள ஒரு ரஸாயனப் பொருளின் அளவை ஒரு மருந்து மாற்றுகிறது, அதே மருந்து நடத்தையையும் மாற்றுகிறது என்ற இந்தச் செய்தி ஒரு புதிய சாஸ்திரத்துக்கே அஸ்திவாரமாயிற்று. அந்த அஸ்திவாரக் கற்களில் ஒன்று நமது காட்டுச் செடியின் வேர் என்பதில் நாம் மகிழலாம். ஆனால் மகிழ்ச்சியோடு ஒரு பாடத்தையும் கற்க வேண்டும். வேர் நம்முடையது, அதைப் பிரித்து, அளந்து, ஏன் வேலை செய்கிறது என்று கேட்ட ஆராய்ச்சிச் சாலைகள் பெரும்பாலும் பிறருடையவை. முன்னோர் அறிந்திருந்தார்கள் என்று பெருமை பேசுவதோடு நின்றால், அந்த அறிவின் பலனைப் பிறரே அனுபவிப்பர்.

நிற்க. ஸெரோடோனின் குறைவே துக்கநோய்க்குக் காரணம் என்ற கொள்கை எவ்வாறு எழுந்தது? இரத்தக் கொதிப்புக்காக ரிஸர்பின் உட்கொண்டவர்களில் சிலர் மனம் சோர்ந்து போனார்கள் என்று டாக்டர்கள் எழுதினார்கள். மறுபுறம், 1952-ல் நியூயார்க்கில் க்ஷயரோகிகளுக்கு இப்ரோனியாஸிட் என்ற மருந்தைக் கொடுத்தபோது, அவர்களில் பலர் நோய் தணியுமுன்பே உற்சாகம் அடைந்தார்கள். இம்மருந்து ஸெரோடோனினையும் அதைப் போன்ற வேறு சில பொருள்களையும் மூளையில் அழியவிடாமல் காக்கிறது. குறைத்தால் சோர்வு, காத்தால் உற்சாகம் என்று கணக்குப் போட்டார்கள். 1967-ல் அலெக் காப்பென் என்ற ஆங்கிலேய மனநோய் வைத்தியர், ஸெரோடோனின் குறைவைத் துக்கநோயின் முக்கிய காரணமாக எடுத்துக் காட்டினார். 1987-ல் ஃப்ளுவாக்ஸெடின் என்ற மாத்திரையை விற்க அமெரிக்க ஸர்க்கார் அனுமதி தந்தபின், இந்த ஊகம் விளம்பரப் பலகையில் ஏறி, முடிந்த முடிபாகிவிட்டது. விஞ்ஞானி ஊகமாகச் சொன்னதை வியாபாரி வேதவாக்காக்கினான். ஊகம் எளிதாக இருந்ததே அதன் வெற்றிக்குக் காரணம்.

உண்மை அவ்வளவு எளிதன்று. மூளையின் வேலையை அளவு என்ற ஒரு கண்ணால் பார்த்தால் போதாது. லயம் என்ற மற்றொரு கண்ணாலும் பார்க்க வேண்டும். 1924-ல் ஜெர்மனியில் யேனா நகரத்து டாக்டர் ஹான்ஸ் பெர்கர், மனிதனின் தலைமீது கம்பிகளை வைத்து, மூளையில் எழும் மிக நுண்ணிய மின்சார அசைவுகளை முதன் முதலாகப் பதிவு செய்தார்; 1929-ல் அதை வெளியிட்டார். கண்ணை மூடி அமைதியாய் இருக்கையில் அந்த அசைவு விநாடிக்குச் சுமார் பத்து தடவை அலையலையாக வருகிறது. கண்ணைத் திறந்தவுடன் அந்த அலை அடங்கிவிடுகிறது. ஆழ்ந்த நித்திரையில் விநாடிக்கு நான்குக்கும் குறைவான பெரிய அலைகள் எழுகின்றன. கோடிக்கணக்கான நரம்பணுக்கள் தனித்தனியே கூவாமல், சேர்ந்து தாளம் போடுகின்றன என்பது இதனால் புலப்பட்டது. நினைவு, கவனம், நித்திரை யாவும் இந்தத் தாளங்களோடு பின்னியவை.

இத்தாளங்களுக்கும் ஸெரோடோனினுக்கும் உள்ள தொடர்பு யாது? மூளையின் அடித்தண்டில், நடுக்கோட்டை ஒட்டி, சில நரம்பணுக் கூட்டங்கள் இருக்கின்றன. ராஃபே என்பது அவற்றின் பெயர். மனித மூளையிலுள்ள பல ஆயிரம் கோடி நரம்பணுக்களில் ஸெரோடோனினைக் கையாளுபவை சில லட்சமே. ஆயினும் அவற்றின் கிளைகள் மூளையின் ஏறக்குறைய எல்லாப் பகுதிகளுக்கும் ஓடுகின்றன. 1970-களில் பூனைகளைக் கொண்டு செய்த பரிசோதனைகளில் ஒரு வியப்பான செய்தி வெளியாயிற்று. விழித்திருக்கையில் இவ்வணுக்கள் கடிகாரத்தைப் போல் நிதானமாக, ஒழுங்காக, விநாடிக்குச் சில தடவை துடிக்கின்றன. உறக்கம் வந்தால் துடிப்பு தளர்கிறது. கனவு மிகுந்து, மூடிய இமைக்குள் விழிகள் வேகமாக அசையும் நித்திரையில் அது அநேகமாக நின்றே போகிறது. எலிகளைக் கொண்டு செய்த ஆராய்ச்சி மற்றொன்றைக் காட்டிற்று. நினைவுகளைப் பதிய வைப்பதில் பங்கு கொள்ளும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியில் ஒரு தனித் தாளம் எழுவதுண்டு. ராஃபேயின் நடுக் கூட்டம் அதை அடக்கி வைக்கிறது. அந்தக் கூட்டத்தை அழித்துவிட்டால் தாளம் ஓயாமல் ஓடுகிறது. ஆக, ஸெரோடோனின் தானே பாடும் பாடகனன்று. எந்த வேளையில் எந்தத் தாளம் ஓங்க வேண்டும், எது அடங்க வேண்டும் என்று மேளத்தை நடத்துவோரில் ஒருவன்.

இங்கேயும் விஞ்ஞானம் தன் தவற்றைத் தானே திருத்திக்கொண்டது கவனிக்கத்தக்கது. பிரான்ஸ் தேசத்து மிஷெல் ஜூவே என்ற பேரறிஞர், பூனைகளின் ராஃபேயை அழித்தால் உறக்கம் கெடுவதைக் கண்டு, ஸெரோடோனினே உறக்கம் தரும் பொருள் என்று ஒரு காலத்தில் கருதினார். பின்னர் அவ்வணுக்கள் விழிப்பில்தான் அதிகம் துடிக்கின்றன என்பது தெரிந்தவுடன் அக்கொள்கை மாற வேண்டியதாயிற்று. பெரியவர் சொன்னார் என்பதற்காக எவரும் அதைக் கட்டிக்கொண்டு அழவில்லை. நமது பொது வாழ்விலும் இவ்வழக்கம் வேரூன்றினால் நன்றாக இருக்கும்.

ஸெரோடோனினை ஏற்கும் வாயில்கள் நமது உடலில் பதினான்கு வகைக்குக் குறையாமல் உள்ளன. சில வாயில்கள் நரம்பணுவைத் தூண்டுகின்றன. சில அதை அடக்குகின்றன. ஒரே பொருள் ஓரிடத்தில் கதவைத் திறந்து, மற்றோரிடத்தில் சாத்துகிறது. இப்படிப்பட்ட ஒன்றை, படிக்கணக்கில் அளக்கும் நெல்லைப் போல் நிறைவு, குறைவு என்று பேசலாமா?

துக்கநோய் கண்டவர்களின் இரவைப் பாருங்கள். அவர்களில் பலருக்கு, படுத்த சிறிது நேரத்திலேயே கனவு நித்திரை வந்துவிடுகிறது. ஆழ்ந்த நித்திரை குறைகிறது. விடியுமுன் விழிப்புக் கொடுத்துவிடுகிறது. ஸெரோடோனினைப் பெருக்கும் மாத்திரைகள் கனவு நித்திரையைத் தள்ளிப் போடுகின்றன, குறைக்கவும் செய்கின்றன. ஆகவே லயக் கேடு நோயாளியின் கற்பனையன்று. கருவி கொண்டு அளக்கத்தக்க மெய். மற்றொன்றும் உண்டு. மாத்திரை உட்கொண்ட சில மணி நேரத்திலேயே ஸெரோடோனின் பெருகத் தொடங்குகிறது. ஆனால் மனம் தேறப் பல வாரங்கள் ஆகின்றன. குறைந்த ரஸத்தை நிரப்புவதுதான் சிகிச்சை என்றால் இந்தத் தாமதம் ஏன்? மூளை தன் பழைய லயத்தை மெல்ல மாற்றிக்கொள்ளக் காலம் வேண்டியிருக்கிறது என்பதே பல விஞ்ஞானிகளின் அபிப்பிராயம்.

2022-ல் லண்டன் டாக்டர் ஜோவானா மான்க்ரீஃபும் அவருடைய சகாக்களும் பல்லாண்டு ஆராய்ச்சிகளைத் தொகுத்துப் பார்த்து, துக்கநோய்க்கு ஸெரோடோனின் குறைவே காரணம் என்பதற்கு உறுதியான சான்று இல்லை என்று வெளியிட்டார்கள். அம்முடிவை மறுத்தவர்களும் உண்டு. செய்தி பரவியவுடன், அப்படியானால் மருந்தும் பொய், நோயும் பொய் என்று சிலர் பேசத் தலைப்பட்டார்கள். இது தவறான வாதம். 2018-ல் 21 மருந்துகளைப் பற்றிய 522 பரிசோதனைகளை, ஒரு லட்சத்துப் பதினாறாயிரத்துக்கு மேற்பட்ட நோயாளிகளின் கணக்கோடு ஒருங்கே ஆராய்ந்தபோது, அவை அனைத்தும் போலி மாத்திரையைவிட அதிகப் பலன் தந்தன என்று தெரிந்தது. அந்தப் பலன் பெரும்பாலும் மிதமானதே, ஆயினும் மெய்யானது. மலேரியாக் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியை லாவெரான் கண்டது 1880-ல். அதற்கு இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கொயினாப் பட்டை காய்ச்சலைத் தணித்து வந்தது. காரணம் தெரியவில்லை என்பதற்காகக் கொயினாவை எவரும் குப்பையில் எறியவில்லை. காரணத்தைப் பற்றிய ஒரு கொள்கை தளர்வது வேறு. சிகிச்சை பயனற்றுப் போவது வேறு. ஆகவே, மருந்து உட்கொள்ளும் எவரும் பத்திரிகையில் எதையோ படித்துவிட்டுத் திடீரென்று அதை நிறுத்திவிடலாகாது. நிறுத்துவதானால் டாக்டரின் யோசனைப்படி சிறுகச் சிறுகவே நிறுத்த வேண்டும். இளவயதினருக்கு மருந்து தொடங்கிய முதல் வாரங்களில் வீட்டார் விசேஷ கவனத்துடன் இருக்க வேண்டும்.

நிறைவு குறைவுக் கணக்கை விட்டு லயத்தைக் கவனித்தால் மற்றோர் உண்மையும் விளங்குகிறது. மூளையின் லயம் வெளி வாழ்வின் லயத்தோடு கட்டுண்டது. இரவு உறக்கம், பகல் வெளிச்சம், வேளைக்குச் சோறு, செய்ய ஒரு தொழில், பேச ஒரு துணை ஆகிய இவை குலைந்தால் மனத்தின் லயமும் தடுமாறும். 2022-ம் வருஷத்தில் இந்தியாவில் தற்கொலை செய்து மாண்டவர்கள் 1,70,924 பேர் என்பது மத்திய ஸர்க்காரின் கணக்கு. அவர்களில் நாலில் ஒருவருக்கு மேல் தினக் கூலி வேலை செய்தவர்கள். வேலையில்லாத நாளில் அடுப்பெரியாத வீட்டுக்காரனிடம், உன் மூளையில் ஒரு ரஸம் குறைந்துவிட்டது என்று மட்டும் சொல்லுவது உண்மையாகுமா? கடனையும் பசியையும் மாத்திரையால் தீர்க்க முடியுமா? ஆனால் இதைக் கேட்டுவிட்டு, வறுமை ஒழிந்தால் மனநோயும் தானே ஒழிந்துவிடும் என்று நமது தொண்டர்கள் முடிவு கட்டிவிடவும் வேண்டாம். செல்வம் நிறைந்த வீட்டிலும் இந்நோய் வருகிறது. பிள்ளை பெற்ற இளந்தாய்க்கு, எல்லோரும் கொண்டாடும் வேளையிலேயே வருகிறது. கூலியும் வேண்டும், வைத்தியமும் வேண்டும். ஒன்றைக் காட்டி மற்றொன்றை மறுப்பவர்கள் நோயாளியின் நண்பர்களல்லர்.

ஸர்க்கார் செய்திருப்பது யாது? சட்டத்தைப் பொறுத்தவரை குறை சொல்வதற்கில்லை. 1982-ல் தேசிய மனநலத் திட்டம் வகுக்கப்பட்டது; 1996-ல் ஜில்லாத் திட்டம் தொடங்கிற்று. 2017-ம் வருஷத்து மனநலப் பாதுகாப்புச் சட்டம், மனநோயாளியை எவ்விதத்திலும் சங்கிலியால் பிணைக்கலாகாது என்று தடை விதிக்கிறது. ஸர்க்கார் நடத்தும் அல்லது ஸர்க்கார் பணத்தில் நடக்கும் நிலையங்களில் சிகிச்சை பெறுவதை ஒவ்வொருவரின் உரிமையாக்குகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன நெருக்கடிக்கு உள்ளானவராகக் கொள்ள வேண்டும் என்கிறது. 2022-ல் 14416 என்ற இலவசத் தொலைபேசி உதவியும் ஏற்பட்டது. இவை நல்லவை.

ஆனால் காகிதத்துக்கும் கிராமத்துக்கும் உள்ள தூரம் எவ்வளவு? பெங்களூர் நிம்ஹான்ஸ் ஸ்தாபனம் 2015-16-ல் பன்னிரண்டு ராஜ்யங்களில் நடத்திய தேசிய ஆய்வின்படி, வயது வந்தவர்களில் நூற்றுக்கு 10.6 பேருக்கு ஏதேனும் ஒரு மனக்கோளாறு அப்போது இருந்தது. அப்படிப்பட்டவர்களில், நோயின் வகையைப் பொறுத்து, நூற்றுக்கு 70 முதல் 92 பேர் வரை சிகிச்சையின்றி விடப்பட்டார்கள். பத்துப் பேருக்கு உணவு சமைத்து, ஏழெட்டுப் பேரைப் பட்டினி போட்டுவிட்டு, விருந்து நடந்தது என்று சொல்லுவோமா? ஒவ்வொரு தாலூகா ஆஸ்பத்திரியிலும் குறிப்பிட்ட நாளில் தவறாமல் மனநோய் வைத்தியர் இருக்க வேண்டும். ஒரு மாதம் கிடைத்து மறு மாதம் தீர்ந்து போகாமல் மருந்து இருக்க வேண்டும். பத்து நிமிஷமாவது உட்கார்ந்து நோயாளியின் வார்த்தையைக் கேட்கப் பயிற்சி பெற்றவர் ஒருவர் இருக்க வேண்டும். மாத்திரைச் சீட்டு எழுதிக் கொடுத்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிடுவது சிகிச்சையாகாது. லயம் கெட்ட மனிதனுக்கு மருந்தோடு மனிதத் துணையும் தேவை. பட்ஜெட்டு வரும்போது இவற்றுக்கு எவ்வளவு என்று நமது பிரதிநிதிகளைக் கேட்பவர்கள் எத்தனை பேர்? இந்நோயாளிகள் ஊர்வலம் வர மாட்டார்கள். அவர்களுடைய குடும்பத்தார் வெட்கத்தால் வாய் திறக்க மாட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் மற்றவர்களே.

தேசத் தொண்டில் ஈடுபட்ட அன்பர்களுக்கு நாம் வற்புறுத்திச் சொல்ல விரும்புவது இதுவே. உங்கள் ஊரில் பூட்டிய அறைக்குள் யாரேனும் இருக்கிறார்களா என்று விசாரியுங்கள். இருந்தால், போலீசோடு போய் மிரட்டுவதற்கு முன், அந்த வீட்டுத் தாயின் அருகில் உட்கார்ந்து பேசுங்கள். கட்டி வைத்தவளும் பல இரவுகள் உறங்காதவளே என்பதை மறக்க வேண்டாம். நோயாளியை ஜில்லா ஆஸ்பத்திரிக்கு அழைத்துச் செல்லத் துணை போங்கள். கோயிலுக்கோ தர்காவுக்கோ மாதாகோவிலுக்கோ போவதைத் தடுக்க வேண்டியதில்லை. பிரார்த்தனையோடு வைத்தியமும் நடக்கட்டும். சங்கிலி மட்டும் எங்கும் ஆகாது. மேடையில் எதிராளியை ஏசுவதற்குப் பைத்தியம் என்ற சொல்லை வீசும் வழக்கத்தையும் விட்டுவிடுங்கள். அந்தச் சொல் போய்த் தைப்பது எதிராளியையன்று. கூட்டத்தின் ஓரத்தில் நின்று கேட்டுக்கொண்டிருக்கும் ஒரு நோயாளியின் தகப்பனை.

ஏர்வாடியில் மாண்டவர்களுக்கு நேர்ந்தது விதியன்று. நோயை நோயென்று ஒப்புக்கொள்ளாத சமூகத்தின் செயல். அவர்கள் மூளையில் கெட்டிருந்த லயத்தைப் பற்றி உலகம் இன்னும் முழுவதும் அறிந்துவிடவில்லை. ஆனால் சங்கிலியை அவிழ்ப்பதற்கு அவ்வளவு அறிவும் தேவையில்லை. இப்போது உள்ள அறிவே போதும். அதைக் கிராமந்தோறும் கொண்டு போய்ச் சேர்ப்பதே பாக்கி; அது விஞ்ஞானிகளின் வேலையன்று, நம்முடைய வேலை.